டிஸ்க் மூச்சு வாங்கினால் இண்டெக்ஸ் நகராது

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பகுதி

இம்முறை கொழும்பிலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பிளாக்செயின் (கொடுக்கல்வாங்கல்களை ‘பிளாக்’ என்ற தொகுதிகளாகக் கோத்துவைக்கும் பொதுப் பதிவேடு) தரவை இறக்கி இண்டெக்ஸ் செய்யும், அதாவது தேடுவதற்கு வசதியாக அட்டவணைப்படுத்தும், மென்பொருளுக்குக் கணினியைத் தயார்படுத்துவது பற்றியவை. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சிடும்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிட்கொயின் செயினை இறக்கிச் சரிபார்க்கும் பிட்கொயின் கோர் மென்பொருளைப் போட்டு, அதன் மேல் எலெக்ட்ரஸ் இண்டெக்ஸரை ஓட்டப் பார்க்கிறேன். ஐ5 டெஸ்க்டொப், 8 ஜிபி ரேம், 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தொடக்கத்தில் பிளாக்குகள் மளமளவென்று வந்தன. இப்போது மூன்று கிழமையாக ஊர்கிறது. இணைய இணைப்பில் குறையில்லை. புரொசஸரை மாற்ற வேண்டுமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: புரொசஸரைத் தொடாதீர்கள், அது அநேகமாகச் சும்மாதான் இருக்கிறது. ‘டொப்’ கட்டளையைக் கொடுத்து ‘டபிள்யூஏ’ என்ற எண்ணைப் பாருங்கள். டிஸ்க்குக்காகப் புரொசஸர் காத்துக்கிடக்கும் நேரம் அது. ‘ஐஓஸ்டாட்’ கொடுத்தால், டிஸ்க் 100 வீதம் வேலையில் இருப்பதாகவும் நொடிக்கு ஓரிரு மெகாபைட் மட்டுமே நகர்வதாகவும் தெரியும்.

ஒரு கொடுக்கல்வாங்கலைச் சரிபார்க்க, அது செலவழிக்கும் ஒவ்வொரு காசும் இன்னும் செலவழியாமல் இருக்கிறதா என்று ‘செயின்ஸ்டேட்’ தரவுத்தளத்தில் தேட வேண்டும். அதன் அளவு இப்போது 10 ஜிபியைத் தாண்டிவிட்டது. தேடும் இடங்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுழல்கிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். கை நகர இன்னும் 8, 9 மில்லிநொடி. கூட்டிப் பார்த்தால் நொடிக்கு 75, 80 தேடல்கள்தாம். இன்றைய ஒரு பிளாக்கோ ஆயிரக்கணக்கான தேடல்களைக் கேட்கிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்குப் பல்லாயிரம் தேடல்களைச் செய்யும்.

தொடக்கத்தில் மளமளவென்று வந்ததற்குக் காரணம், 2009க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளின் பிளாக்குகள் கிட்டத்தட்ட வெறுமையானவை. செயின்ஸ்டேட்டும் அப்போது ரேமுக்குள் அடங்கும் அளவில் இருந்தது. ஆகவே பிளாக் எண்ணிக்கையை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள். லொக் என்ற பதிவுக் கோப்பில் ‘புரோகிரஸ்’ என்று வரும் எண் கொடுக்கல்வாங்கல்களின் தொகையை வைத்து மதிப்பிடப்படுவதால், அதைத்தான் நம்பலாம்.

இதற்காக முழு டிஸ்க்கையும் மாற்றத் தேவையில்லை. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும். பிளாக் கோப்புகள் 600 ஜிபிக்கு மேல் இருந்தாலும் அவை வரிசையாக எழுதப்படுபவை, அவற்றை ஹார்ட் டிஸ்க் தாங்கும். செயின்ஸ்டேட்டும் எலெக்ட்ரஸின் இண்டெக்ஸும்தான் எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். முதலில் ‘பிட்கொயின்-சிஎல்ஐ ஸ்டொப்’ கொடுத்து, லொக்கில் ‘ஷட்டவுன் டன்’ வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு ‘பிஎல்கே’, ‘ரெவ்’ என்று தொடங்கும் கோப்புகளைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்குப் பிரதி செய்து, அதையே ‘டேட்டாடிர்’, அதாவது தரவுக் கோப்புறை, ஆக்குங்கள். பிளாக் கோப்புகளின் இடத்தைச் சொல்லும் ‘பிளாக்ஸ்டிர்’ அமைப்பை ஹார்ட் டிஸ்க்குக்குச் சுட்டுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பிளாக்ஸ்டிர் நகர்த்துவது பெரிய கோப்புகளை மட்டுமே. ‘பிளாக்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘இண்டெக்ஸ்’ என்ற சிறிய தரவுத்தளத்தை அது டேட்டாடிரில்தான் தேடும். அதைப் பிரதி செய்யாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும். புதிய பதிப்புகளில் ‘எக்ஸ்ஓஆர் டொட் டாட்’ என்ற குட்டிக் கோப்பு ஒன்று பிளாக் கோப்புகளோடு இருக்கும். அதை அவற்றின் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால் பிளாக்குகளை வாசிக்க முடியாது.

தரவுத்தளத்துக்கு ரேமில் ஒதுக்கும் ‘டிபிகேஷ்’ அளவு நீண்ட காலமாக 450 எம்பியாக இருந்து வந்தது. உங்கள் 8 ஜிபியில், முதல் ஒத்திசைவு முடியும்வரை 4000 என்று வையுங்கள். முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிடுங்கள், அந்த ரேம் எலெக்ட்ரஸுக்குத் தேவைப்படும். பழைய பிளாக்குகளை அழிக்கும் ‘புரூன்’ வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், வெட்டப்பட்ட செயினில் எலெக்ட்ரஸ் ஓடாது. எல்லாக் கொடுக்கல்வாங்கல்களையும் அட்டவணைப்படுத்தும் ‘டிஎக்ஸ்இண்டெக்ஸ்’ எலெக்ட்ரஸுக்குத் தேவையில்லை. ஃபுல்க்ரம் என்ற மற்ற இண்டெக்ஸருக்கு மாறுவதானால் தேவை. அதன் இண்டெக்ஸ் பெரியது, பதில் தருவதில் வேகமானது.

எலெக்ட்ரஸ் இடையில் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று சொல்லி விழுந்தால் பயப்பட வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் ரொக்ஸ்டிபி தரவுத்தளம் ஒரே நேரத்தில் ஏராளமான கோப்புகளைத் திறந்துவைக்கும், லினக்ஸ் சாதாரணமாகத் தரும் எல்லை 1024தான். லினக்ஸ் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ‘லிமிட்நோஃபைல்’ அளவை 8192 ஆக்கினால் சரி.

கேள்வி: பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். ஒரே 2 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டிக்குக் கடைக்குக் கடை பெரிய விலை வித்தியாசம். விலை குறைந்ததை எடுத்தால் என்ன குறை? – வாசகி, தெஹிவளை

பதில்: பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘நொடிக்கு இத்தனை ஆயிரம் மெகாபைட்’ என்பதை விட்டுவிடுங்கள். மூன்று விடயங்களைக் கேளுங்கள்: உள்ளே இருப்பது டிஎல்சியா (ஒரு செல்லில் மூன்று பிட்) கியூஎல்சியா (நான்கு பிட்), டிஸ்க்குக்கென்று நினைவகமாக டிராம் சிப் உண்டா, எழுதக்கூடிய மொத்த அளவு, அதாவது டிபிடபிள்யூ, எவ்வளவு.

கியூஎல்சி டிஸ்க் தன் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்திருக்கும். படம் பார்க்க, கேம் விளையாட அது தாராளம். முதல் ஒத்திசைவில் நாட்கணக்காக இடைவிடாமல் எழுதும்போது அந்த இடம் நிரம்பிவிடும். அதன் பிறகு எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க்கின் அளவுக்குக்கூட இறங்கலாம். டிபிடபிள்யூவிலும் வித்தியாசம் பெரிது: 2 டெராபைட் டிஎல்சி டிஸ்க்குகள் பலவற்றுக்கு 1200 டெராபைட், கியூஎல்சியில் 400 சொச்சம். ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: 1 டெராபைட் நல்ல டிஎல்சிக்கும் 2 டெராபைட் மலிவான கியூஎல்சிக்கும் ஒரே விலை என்றால், இண்டெக்ஸ் வேலைக்கு முதலாவதுதான். ஐந்தாம் தலைமுறை பிசிஐஈ டிஸ்க்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். இங்கே வேண்டியது சிறு துண்டுகளாகச் சிதறி வாசிக்கும் வேகம், அதற்கு மூன்றாம் தலைமுறையே போதும்.

வாங்கும்முன் உங்கள் மதர்போர்டின் எம்.2 துளை என்விஎம்இயை ஏற்குமா, சாட்டாவை மட்டும்தானா என்று கையேட்டில் பாருங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பற்றுச்சீட்டில் மாடல் இலக்கத்தையும் சீரியல் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கொடுத்து ‘பவர் ஒன் அவர்ஸ்’ பாருங்கள். புதியது என்று விற்றது நூற்றுக்கணக்கான மணித்தியாலங்களைக் காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்காக இருந்தால், ‘எஃப்3’ என்ற இலவசக் கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள். 2 டெராபைட் என்று சொல்லிக்கொள்ளும் 128 ஜிபி டிஸ்க்கை அது காட்டிக்கொடுத்துவிடும்.

தரவுக்கென்று தனி டிஸ்க் என்றால், இஎக்ஸ்டி4 வடிவத்தில் 5 வீதத்தை லினக்ஸ் ஒதுக்கிவைப்பதை மறக்காதீர்கள். 2 டெராபைட்டில் அது 100 ஜிபி! ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளையில் ‘எம்’ தெரிவுக்கு 0 கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மவுண்ட் செய்யும்போது ‘நோஏடைம்’ சேருங்கள், ‘எஃப்எஸ்ட்ரிம் டைமர்’ இயங்குகிறதா என்றும் பாருங்கள். யூஎஸ்பி உறையில் போட்டு ஓட்டுவதைத் தவிர்க்கலாம். பாரம் கூடும் நேரத்தில் அது தொடர்பை விட்டுவிட்டு மீண்டும் வேறு பெயரில் எழும்பும், தரவுத்தளம் அதோடு போய்விடும்.

கேள்வி: இறுதியாண்டுத் திட்டத்துக்காக எதீரியம் பிளாக்செயினில் ஓடும் ஒரு ஒப்பந்தத்தின் (தானாக இயங்கும் நிரலின்) நிகழ்வுகளை ‘கிராஃப் நோட்’ என்ற மென்பொருள் மூலம் இண்டெக்ஸ் செய்ய வேண்டும். 16 ஜிபி மடிக்கணினி, உபுண்டு. மென்பொருள்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கர் கொம்போஸ் கொடுத்ததும் தரவுத்தள லொகேல் (மொழி அமைப்பு) ‘சி’ ஆக இருக்க வேண்டும் என்று பிழை. கோப்பைத் திருத்தினேன், அதே பிழை. எதீரியம் நோட்டையும் (செயினின் பிரதியை வைத்துச் சரிபார்க்கும் மென்பொருளையும்) இதிலேயே ஓட்டலாமா? – மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஓட்டாதீர்கள். 2022 செப்டம்பர் 15க்குப் பிறகு எதீரியத்துக்கு எக்ஸிகியூஷன் கிளையன்ட் ஒன்று, கன்சென்சஸ் கிளையன்ட் ஒன்று என்று இரண்டு மென்பொருள் வேண்டும். அவை 8551 போர்ட் வழியாக ஒரு இரகசியச் சாவியை வைத்துப் பேசிக்கொள்கின்றன. அதற்கு 32 ஜிபி ரேமும் குறைந்தது 2 டெராபைட் டிஎல்சி என்விஎம்இயும் வைத்துத்தான் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் வேலை இண்டெக்ஸ் செய்வது, நோட் நடத்துவதல்ல. தன் நோட்டை இணையம் வழியாகக் கேட்க விடும் ஆர்பிசி சேவை நிறுவனம் ஒன்றின் இலவசக் கணக்கோ, செபோலியா சோதனை வலையமைப்போ போதும்.

இனி லொகேல் பிழை. கிராஃப் நோட்டின் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் கண்டெய்னருக்கு ‘போஸ்ட்கிரெஸ் இனிட்டிபி ஆர்க்ஸ்’ என்ற மாறியில் யூடிஎஃப்8 என்கோடிங்கும் லொகேல் சியும் கொடுக்க வேண்டும். நீங்கள் அதைச் சரியாகவே கொடுத்திருப்பீர்கள். ஆனால் அந்த மாறியைப் போஸ்ட்கிரெஸ் படிப்பது தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே. முதல் முயற்சியிலேயே தவறான லொகேலில் தரவுத்தளம் உருவாகிவிட்டதால், பின்னர் என்ன திருத்தினாலும் கண்டுகொள்ளாது. கண்டெய்னரை நிறுத்தி, ‘டேட்டா’ கோப்புறைக்குள் இருக்கும் ‘போஸ்ட்கிரெஸ்’ கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். இண்டெக்ஸ் எதுவும் இன்னும் இல்லாததால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

அதைத் தாண்டியதும் அடுத்த சிக்கல்கள் வரிசையாக வரும், இப்போதே சொல்லிவைக்கிறோம். பின்னாளில் நோட் ஒன்றை அதே கணினியில் ஓட்டி, அதை ‘ஹோஸ்ட் டொட் டொக்கர் டொட் இன்டர்னல்’ என்ற பெயரால் அழைத்தால், லினக்ஸில் அந்தப் பெயர் தானாக வேலை செய்யாது. கொம்போஸ் கோப்பில் ‘எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ்’ பகுதியில் அதை ‘ஹோஸ்ட்-கேட்வே’யுடன் இணைக்க வேண்டும். நோட் 127.0.0.1இல், அதாவது தன் கணினிக்குள் மட்டும் எட்டும் முகவரியில், மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தாலும் கண்டெய்னருக்கு அது எட்டாது.

எதை இண்டெக்ஸ் செய்வது என்று சொல்லும் சப்கிராஃப் கோப்பில் ‘ஸ்டார்ட்பிளாக்’ இலக்கம் போடாமல் விட்டால், எதீரியத்தின் முதல் பிளாக்கிலிருந்து தேடத் தொடங்கும். இலவச ஆர்பிசியின் அன்றைய ஒதுக்கீடு அதிலேயே கரைந்துவிடும். ஒப்பந்தம் உருவாக்கப்பட்ட பிளாக்கின் இலக்கத்தை பிளாக் எக்ஸ்ப்ளோரர் இணையத்தளத்தில் பார்த்துப் போடுங்கள். நிகழ்வுகளைப் பிடிக்கும் ‘ஈவென்ட் ஹேண்ட்லர்’களோடு நின்றுகொள்ளுங்கள். ஒப்பந்தத்துக்கு வரும் அழைப்புகளைப் பிடிக்கும் ‘கோல் ஹேண்ட்லர்’, அழைப்புகளின் தடத்தைத் தரும் டிரேஸ் வசதி உள்ள ஆர்பிசியைக் கேட்கும். பழைய பிளாக்குகளில் ஒப்பந்தத்தை அழைத்து நிலவரம் கேட்டால், பழைய நிலவரங்களையெல்லாம் வைத்திருக்கும் ஆர்கைவ் நோட் தேவைப்படும். இலவசக் கணக்குகள் பலவற்றில் இவை அடங்கா. 429 என்ற பிழை வந்தால், வேகமாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். ஒரே அழைப்பில் கேட்கும் பிளாக்குகளின் வீச்சு பெரிதென்று சேவை மறுப்பது வேறு பிழை. அதற்கு ‘மேக்ஸ் பிளாக் ரேஞ்ச் சைஸ்’ என்று முடியும் சூழல் மாறியைச் சிறிதாக்குங்கள்.

போஸ்ட்கிரெஸ் அமைப்பில் ‘ஷெயார்ட் பஃபர்ஸ்’ இயல்பாக 128 எம்பி. 16 ஜிபி கணினியில் 4 ஜிபி கொடுங்கள். ‘ரேண்டம் பேஜ் கொஸ்ட்’ 4 என்பது ஹார்ட் டிஸ்க் காலத்து எண், எஸ்எஸ்டிக்கு 1.1 போதும். டொக்கர் ஒரு கண்டெய்னருக்குத் தரும் பகிர்வு நினைவகம் வெறும் 64 எம்பி. பெரிய வினவலின்போது ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ்’ என்று வந்தால், டிஸ்க்கைச் சுத்தம் செய்யப் போகாதீர்கள். கொம்போஸில் ‘எஸ்எச்எம் சைஸ்’ அளவை 1 ஜிபி ஆக்குங்கள். டிஸ்க் மெய்யாகவே நிறைவதும் உண்டு. டொக்கர் லொக் கோப்புக்கு இயல்பாக எல்லை கிடையாது, ‘மேக்ஸ்-சைஸ்’ 50 எம்பி, ‘மேக்ஸ்-ஃபைல்’ 3 என்று கட்டுங்கள்.

போர்ட் 8000இல் கிராஃப்கியூஎல் வினவல், 8020இல் சப்கிராஃப் ஏற்றுவது, 8030இல் நிலவரம். 8020ஐயும் போஸ்ட்கிரெஸின் 5432ஐயும் வெளியே திறக்காதீர்கள். உபுண்டுவில் ‘யூஎஃப்டபிள்யூ’ தடுப்புச்சுவர் போட்டிருக்கிறேனே என்று இருந்துவிட முடியாது. டொக்கர் வெளியிடும் போர்ட்கள் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். போர்ட் இலக்கத்துக்கு முன்னால் 127.0.0.1 சேர்ப்பதுதான் வழி.

கேள்வி: யூபிஎஸ் வைத்திருந்தும் மின்சாரம் போய் வந்த பின் இண்டெக்ஸ் பழுதாகிவிட்டது. ஒருமுறை ‘டொக்கர் ஸ்டொப்’ கொடுத்தபோதும் அப்படியே. – வாசகர், மட்டக்குளி

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மென்பொருளுக்குக் கையிலிருப்பதை எழுதி முடிக்க நேரம் கிடைக்கவில்லை. டொக்கர் ஸ்டொப் இயல்பாக 10 நொடிதான் பொறுக்கும், பிறகு கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பெரிய டிபிகேஷோடு ஓடும் பிட்கொயின் கோருக்குப் பல நிமிடங்கள் தேவைப்படலாம். கொம்போஸில் ‘ஸ்டொப் கிரேஸ் பீரியட்’ 10 நிமிடம் என்று வையுங்கள். சிஸ்டம்டி சேவையாக இருந்தால் ‘டைம்அவுட்ஸ்டொப்செக்’ 600. வேகம் கூடும் என்று யாரோ சொல்லி போஸ்ட்கிரெஸில், எழுதியது டிஸ்க்கில் பதிந்ததை உறுதிசெய்யும் ‘எஃப்சிங்க்’ ஓஃப் செய்திருந்தால், இன்றே ஒன் செய்யுங்கள். வேகம்தான் வேண்டுமென்றால் ‘சிங்க்ரனஸ் கொமிட்’ ஓஃப் செய்யலாம். மின்சாரம் போனால் கடைசி நொடியில் எழுதியது போகலாம், தரவுத்தளம் கெடாது.

யூபிஎஸ் உங்கள் கணினியை மணிக்கணக்காகத் தாங்குவதற்கல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுதும் இருண்டபோது, மின்சாரம் திரும்ப மணிக்கணக்கானது. ஒழுங்காக மூடுவதற்கு நேரம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. 650 விஏ யூபிஎஸ் பலவற்றுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பேட்டரி ஒன்று, அதாவது 84 வாட்-மணி. இழப்புகள் போக, 60 வாட் கணினியைப் புதுசாக இருக்கையில் அரைமணி தாங்கலாம். வெயில் படும் அறையில் இரண்டு வருடம் கிடந்த பேட்டரி ஐந்து நிமிடமும் தாங்காது.

யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைக் கணினியில் செருகாமலே வைத்திருப்பவர்கள் பலர். அதைச் செருகி, யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் ‘நட்’ என்ற மென்பொருளை நிறுவி, பேட்டரி 60 வீதத்துக்கு இறங்கியதுமே மூடத் தொடங்கும்படி அமையுங்கள். 10 வீதம்வரை காத்திருந்தால் எழுதி முடிக்க நேரம் போதாது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வைத்தால், தொடர்மாடி ஜெனரேட்டர் மாறும் இடைவெளியில் இணைப்பு விடாது. பயோஸில் ‘ஏசி திரும்பினால் இயங்கு’ அமைப்பைப் போடுங்கள், ஆனால் இண்டெக்ஸர் உடனே எழும்பாமல் ஐந்து நிமிடத் தாமதம் வையுங்கள். நம்மூர் மின்சாரம் வந்தவுடன் மறுபடி போவதும் உண்டல்லவா.

கேள்வி: என் ஃபைபர் பொதியில் மாதாந்த டேட்டா எல்லை உண்டு. நண்பரிடம் முழு பிட்கொயின் செயினும் இருக்கிறது. பிரதி எடுக்கலாமா? – வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: தாராளமாக. அவருடைய நோட்டை முறையாக நிறுத்திய பிறகு, ‘பிளாக்ஸ்’ கோப்புறையை முழுதாக எடுத்து வாருங்கள். உங்கள் கணினியில் ‘ரீஇண்டெக்ஸ்’ கொடுத்தால் பிளாக்குகளை அது தானே சரிபார்த்துச் செயின்ஸ்டேட்டைப் புதிதாகக் கட்டும். இறக்கும் டேட்டா மட்டும்தான் மிச்சம், நேரமல்ல. செயின்ஸ்டேட்டையும் சேர்த்து எடுத்தால் நேரமும் மிச்சம். ஆனால் அது மறுபடி சரிபார்க்கப்படாது, ஆகவே நண்பர் எவ்வளவு நம்பிக்கையானவர் என்பதைப் பொறுத்தது. நண்பரின் வொலட் கோப்புகளைத் தொடாதீர்கள்.

அதன் பின் மாதாந்தச் செலவைக் குறைக்க ‘லிசன்’ 0 ஆக்கினால் வெளியிலிருந்து யாரும் உங்களிடம் பிளாக் கேட்டு வரமாட்டார்கள். ‘மேக்ஸ்அப்லோட்டார்கெட்’ மூலம் ஒரு நாளைய அனுப்பும் அளவைக் கட்டுப்படுத்தலாம். ‘பிளாக்ஸ்ஒன்லி’ கொடுத்தால் இன்னும் குறையும், ஆனால் உறுதியாகாத கொடுக்கல்வாங்கல்கள் உங்கள் இண்டெக்ஸில் தெரியாது.

கேள்வி: இண்டெக்ஸர் ஓட்டினால் வருமானம் வருமாமே? – வாசகர், புறக்கோட்டை

பதில்: பிட்கொயின் இண்டெக்ஸருக்குச் சதமும் வராது. ‘த கிராஃப்’ வலையமைப்பில் இண்டெக்ஸராகச் சேரக் அதன் நாணயமான ஜிஆர்டியில் குறைந்தது 1,00,000 பிணையாக வைக்க வேண்டும். மெய்நிகர் நாணயங்கள் இங்கே ஒழுங்குபடுத்தப்படாதவை என்று இலங்கை மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருப்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: 24 மணித்தியாலமும் ஓடினால் மின்கட்டணம் எவ்வளவு கூடும்? கடற்கரைப் பக்கத்து வீடு, ஏசி இல்லை. – வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாட் எண்ணை 0.72ஆல் பெருக்கினால் 30 நாளுக்கான அலகு கிடைக்கும். 30 வாட் மினி பிசி 22 அலகு, 120 வாட் பழைய டெஸ்க்டொப் 86 அலகு. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், இந்த அலகுகள் உங்கள் பட்டியலின் மிக உயர்ந்த படியில்தான் போய்ச் சேரும். ஆகவே பழைய டெஸ்க்டொப் ‘சும்மா கிடைத்தது’ என்றாலும் மலிவானதல்ல.

ஏசி தேவையில்லை, காற்றோட்டம் போதும். என்விஎம்இ டிஸ்க்குக்கு ஒரு ஹீட்சிங்க் மாட்டி, ஒத்திசைவின்போது ஸ்மார்ட்சிடிஎல்லில் வெப்பநிலையைப் பாருங்கள். 70 பாகையைத் தாண்டினால் பல டிஸ்க்குகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். மெரின் டிரைவ் பக்கத்து ஜன்னலுக்கு நேரே மட்டும் வைக்க வேண்டாம். உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேனில் ஈரப்பசையாகப் படியும், நாளடைவில் ரேம் துளைகளும் கறுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடி, மென்மையான தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 போட்டு ஓட்டலாமா? – மாணவர், தெஹிவளை

பதில்: பழகுவதற்கு ஓட்டலாம். தரவை ‘எம்என்டி சி’யில், அதாவது விண்டோஸ் டிஸ்க்கில், வைக்காதீர்கள். லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையில் வையுங்கள், இல்லாவிட்டால் வேகம் பலமடங்கு விழும். இயல்பாக ரேமில் பாதிதான் அதற்குக் கிடைக்கும். ‘டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக்’ கோப்பில் கூட்டிக்கொள்ளலாம். இண்டெக்ஸை அழித்தாலும் அதன் மெய்நிகர் டிஸ்க் கோப்பு தானாகச் சுருங்காது. விண்டோஸ் அப்டேட் நடுச்சாமத்தில் கணினியை மீளியக்காமல் இருக்க ‘அக்டிவ் அவர்ஸ்’ அமைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.